இரண்டாம் கொம்பின் ஒட்டிய பக்கங்கள்

உலக இசை வரலாற்றை இரண்டே துண்டாக வெட்டிவிடலாம். 1959 நவம்பர் பதினான்காம் தேதி மாலை நாலேகாலுக்கு முன்னால் ஒன்று, நாலேகாலுக்குப் பின்னால் ஒன்று. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உலகத்தில் உண்டு. பாவம், அவர்கள் வெக்ஸ்பரியில் வசிப்பதில்லை.

அந்த நிமிஷத்தில்தான் கிளெமென்ட் டிட்மார்ஷ் என்ற இருபத்து நாலு வயது ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா எழுதிய 'மாலை நடை' என்ற இசைத் தொகுப்பு, வெக்ஸ்பரி ஊர் மண்டபத்தில் முதன்முறையாக வாசிக்கப்பட்டு அதன் மூன்றாம் பகுதிக்கு வந்திருந்தது. புல்லாங்குழல் தாலாட்டிக்கொண்டிருந்தது. வயலின்கள் கால்விரலில் நடந்தன. திடீரென்று இரண்டாம் கொம்பு, அதாவது பித்தளைக் குழாயைச் சுருட்டோ சுருட்டென்று சுருட்டி வாயை அகல விட்ட அந்த வாத்தியம், கட்டறுத்துக்கொண்டு பிளிறியது. முன்வரிசையில் ஒரு நகரசபை உறுப்பினர் நாற்காலியோடு மல்லாந்தார். லண்டனிலிருந்து வந்திருந்த விமர்சகர் மறுநாள் எழுதினார்: "ஆங்கிலேய இசை நேற்று மாலை விழித்துக்கொண்டது." அந்தப் பிளிறலில் விழித்துக்கொண்டவர் அவர்தான் என்று பக்கத்து இருக்கைக்காரர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை யாரும் அச்சிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் 'தாக்கம்'. டிட்மார்ஷ் பிளிறல் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நார்வேயில் ஒருவர் தாலாட்டு எழுதி நடுவில் ஒரு பிளிறல் வைத்தார். போர்ச்சுகலில் ஒருவர் இரங்கல் இசை எழுதி மூன்று வைத்தார். பேய்ப்படங்களில் கதாநாயகி அலமாரியைத் திறக்கும்போது திடுக்கென்று ஒரு சத்தம் வருமே, அதுவும் வெக்ஸ்பரி போட்ட பிச்சைதான் என்று ஒரு முழுப் புத்தகம் வந்திருக்கிறது. ஊரிலும் ஒரு வழக்கம் நிலைத்தது. ஆண்டுதோறும் நவம்பரில் 'மாலை நடை' வாசிக்கப்படும். பிளிறல் வரும் இடத்தில் சபை முழுக்க எழுந்து நிற்கும். தேசிய கீதத்துக்கு உட்கார்ந்திருக்கும் முழங்கால் வலிக்காரர்கள்கூட அதற்கு எழுந்துவிடுவார்கள்.

இவ்வளவு பெரிய புரட்சியைச் செய்தவருக்கு இப்போது எண்பத்து நாலு வயது. அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு படைப்புகள் எழுதினார். அவற்றில் இரண்டை வாசித்துப் பார்த்தார்கள். "ஆரம்பகாலப் படைப்புகளின் தாக்கம் தெரிகிறது, ஆனால் பிளிறலைக் காணோம்" என்று சொல்லி மூட்டை கட்டிவிட்டார்கள். எனவே கிளெமென்ட் டிட்மார்ஷ் தம்முடைய இருபத்து நாலாவது வயதின் தாக்கத்துக்கு உள்ளானவராக, பின்னால் ஒரு சின்னத் தோட்டமும் மூன்று தக்காளிச் செடியும் வைத்துக்கொண்டு, மனைவி டோரீனோடு வாழ்ந்துவந்தார்.

அவருக்கு ஒரே ஒரு உண்மை தெரியும். அந்தப் பிளிறலை அவர் எழுதவில்லை.

இரண்டாம் கொம்பு வாசித்தவர் ஃப்ரெட் காஸ்லிங். பகலில் ரொட்டிக்கடை, ஓய்வில் கொம்பு. அன்று டீ இடைவேளையில் ஜாம் தடவிய பன் சாப்பிட்டிருக்கிறார். கையில் இருந்த ஜாம் இசைத்தாளில் ஒட்டி, இரண்டு தாள்கள் ஒன்றாகிவிட்டன. புரட்டும்போது இரண்டும் சேர்ந்து புரண்டன. அடுத்த பக்கத்தில் இருந்த புயல் காட்சி தாலாட்டின் நடுவில் வந்து விழுந்தது. கச்சேரி முடிந்ததும் ஃப்ரெட் முகம் சிவந்து, "மன்னிச்சுக்கோங்க, ஜாம் ஒட்டிக்கிச்சு" என்றார். கிளெமென்ட் "பரவால்ல, பரவால்ல" என்றார்.

அங்கேயே நின்றிருந்தால் தப்பியிருப்பார். குழுவை நடத்திய மேஜர் பெர்ட்ரம் பொகாக் மேடையிலிருந்து இறங்கி வந்து, எல்லோர் முன்னிலையிலும், "எப்படி இருந்தது, டிட்மார்ஷ்?" என்று கேட்டார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத ஜனங்கள் அவருக்காக சனிக்கிழமை மாலையை விட்டுக்கொடுத்து வாசித்திருக்கிறார்கள். கிளெமென்ட் தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப சுவாரஸ்யமா இருந்தது" என்றார்.

அந்த நாட்டில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் தெரியும். மாமியார் வீட்டுக் கறி தீய்ந்திருந்தால் சுவாரஸ்யம். நண்பர் கவிதை எழுதிக் காட்டினால் சுவாரஸ்யம். 'இதை எடுத்துக்கொண்டுபோய் அடுப்பில் போடு' என்பதை அதைவிட நாகரிகமாகச் சொல்ல மனித குலம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் குறிப்பேடு எழுதுகிறவர்கள் கேட்ட சொல்லை அப்படியே எழுதுகிறவர்கள். 'இசையமைப்பாளர் முழுத் திருப்தி தெரிவித்தார்' என்று அன்றைய நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறிவிட்டது.

ஒட்டிக்கொண்ட பக்கங்களில் இருந்தது என்ன? அங்கேதான் கதை இருக்கிறது.

கையுறைக் கடையில் வேலை பார்த்த டோரீன் என்ற யார்க்‌ஷயர்ப் பெண்ணை கிளெமென்டுக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று வாய்விட்டுக் கேட்க அவரால் முடியவில்லை. "சனிக்கிழமை கச்சேரிக்கு வா. மூணாம் பகுதியில ரெண்டாம் கொம்பைக் கவனி. நான் கேக்கவேண்டியதை அது கேக்கும்" என்று சொல்லியிருந்தார். இருபத்து நாலு தாளம் நீளமுள்ள ஒரு மெட்டு. அவள் வந்தாள். கவனித்தாள். பிளிறல் வந்தது.

"மாடு கன்னு போடற மாதிரி இருந்துது" என்பார் டோரீன், அறுபது வருஷமாக, யார் வீட்டுக்குப் போனாலும். "சரி, இவ்வளவு சத்தமா கேக்கறான்னா மனுஷன் நிஜமாத்தான் கேக்கறான்னு 'சரி'ன்னுட்டேன். அந்த மெட்டை மட்டும் இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல."

மெட்டை மறுபடி எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லா வாத்தியங்களுக்கும் சேர்த்து எழுதிய மூலப்பிரதியை மேஜர் பொகாக் கச்சேரி முடிந்து காரின் கூரைமேல் வைத்தார், காரை எடுத்தார், போய்விட்டார். பிரதி செவர்ன் ஆற்றுக்குப் போயிற்று. ஞாபகத்திலிருந்து எழுதலாமென்று கிளெமென்ட் எத்தனையோ தடவை பியானோ முன்னால் உட்கார்ந்தார். முதல் நாலு சுரம் வரும். அப்புறம் பிளிறல் வந்துவிடும். தாக்கம் என்றால் அப்படிப்பட்ட தாக்கம்.

இதெல்லாம் இத்தனை வருஷம் ஒரு தமாஷாகவே ஓடியது. இந்த வருஷம் செப்டம்பரில் டோரீனின் காது டாக்டர் தமாஷைக் கெடுத்தார். இடது காது ஏற்கெனவே போய்விட்டது. வலது காதும் கிறிஸ்துமஸ் தாண்டாது என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது டோரீன் சொன்னார்: "கிளெம், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். உன் நாற்பத்திரண்டும் எனக்குப் போதும். அந்த ஒண்ணை மட்டும் கேட்டுட்டா, காது போனாப் போகட்டும்."

கிளெமென்ட் மறுநாளே டிட்மார்ஷ் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார்.

இங்கே டிட்மார்ஷ் சங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பணிவோடு சொல்லவேண்டும். டிட்மார்ஷின் புகழைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட சங்கம் அது. டிட்மார்ஷிடமிருந்தும் காக்கும். ஃப்ரெட் வாசித்த அந்த அசல் இசைத்தாள் அவர்களிடம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 'மூடிய பக்கங்கள். இசையமைப்பாளரே செந்நிறப் பசையால் முத்திரையிட்டது' என்று கீழே பித்தளைத் தகடு. அச்சுப் பிரதிகள் எல்லாம் அதைப் பார்த்து எடுத்தவையே. பிளிறல் அவற்றில் நிரந்தரமாக ஏறிவிட்டது.

கூட்டத்துக்குத் தலைவர் ரூபர்ட் ஹாலிங்டேல், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். நிகழ்ச்சி நிரலில் முதல் விஷயம், வராதவர்கள் அனுப்பிய மன்னிப்பு. இரண்டாவது, தாமதமாக வந்தவர்கள் நேரில் கேட்ட மன்னிப்பு. மூன்றாவது, டீ பாய்லரின் குழாய் ஒழுகல். நாலாவது, பிஸ்கட்டில் கிரீம் இருக்கலாமா. இந்த நாலாவது விஷயத்தில் இரு தரப்பும் கண்ணியம் குறையாமல் ஐம்பது நிமிஷம் மோதிக்கொண்டன. கடைசியில், 'பிற விஷயங்கள்' என்பதன் கீழ், எண்பத்து நாலு வயது இசையமைப்பாளர் எழுந்து நின்றார்.

"அந்தப் பக்கங்களைப் பிரிச்சுப் பாக்கணும். உள்ள ஒரு மெட்டு இருக்கு. என் மனைவிக்கு எழுதினது. அவளுக்குக் காது போயிட்டிருக்கு."

சபை உருகியது. மூன்று பேர் மூக்கைச் சிந்தினார்கள். ஹாலிங்டேல் நெஞ்சில் கைவைத்தார்.

"சார், உங்கமேல நாங்க எவ்வளவு மரியாதை வச்சிருக்கோம்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அப்ப பிரிக்கலாமா?"

"மரியாதை இருக்கறதாலதான் சார் முடியாதுங்கறோம்."

அப்போது டாக்டர் ஜாஸ்லின் ஃபேர்வெதர் எழுந்தார். டிட்மார்ஷ் தாக்கத்துறையின் தலைவி. அந்த மூடிய பக்கங்களைப் பற்றி எழுதியே டாக்டர் பட்டம் வாங்கியவர். அதே பக்கங்களைப் பற்றி இன்னும் இரண்டு பேருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அணுகுண்டுக்கு எதிரான மௌனம் அந்தப் பக்கங்களில் அடங்கியிருக்கிறது என்பது அவருடைய முடிவு.

"உள்ள என்ன இருக்குன்னு நாங்க முப்பது வருஷமா ஆராய்ச்சி பண்றோம், மிஸ்டர் டிட்மார்ஷ்."

"திறந்து பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடுமேம்மா."

"தெரிஞ்சுட்டா அப்புறம் ஆராய்ச்சி எப்படிப் பண்றது?"

"முத்திரையும் இல்ல, மௌனமும் இல்ல. அது ஜாம். ஃப்ரெட் பன் சாப்பிட்டான்."

ஃபேர்வெதர் சபையைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "பாத்தீங்களா? இதுதான் அவரோட அடக்கம். இதைப் பத்தித்தான் என் ரெண்டாவது அத்தியாயம்."

"அம்மா, எழுதினவன் நான்."

"எழுதினவர் இருபத்து நாலு வயசு இளைஞர், சார். உங்களுக்கு எண்பத்து நாலு. அவர் மனசுல என்ன இருந்ததுன்னு நீங்க எப்படிச் சொல்லமுடியும்?"

"அந்த இளைஞன் நான்தான்!"

"அது ஒரு பார்வை" என்று ஃபேர்வெதர் ஒப்புக்கொண்டார். அவர் எப்போதும் எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுப்பவர்.

செயலாளர் மிஸ் ஹிலரி ஸ்ப்ராக் பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்து உரக்க வாசித்தார். 'இசையமைப்பாளர் முழுத் திருப்தி தெரிவித்தார்.' எல்லோரும் கிளெமென்டைப் பார்த்தார்கள். கிளெமென்ட் தன் ஷூவைப் பார்த்தார். வருஷா வருஷம் கச்சேரி முடிந்ததும் தலைவர் மேடையில் அதே கேள்வியைக் கேட்பதும், அவர் அதே பதிலைச் சொல்வதும் சடங்காகவே ஆகியிருந்தது. ஐம்பத்தொன்பது கையெழுத்துப் போட்ட சாட்சியங்கள் அவருக்கு எதிராக இருந்தன.

பக்கங்களைப் பிரிப்பது பற்றி யோசிக்கலாமா என்று யோசிக்க ஓர் உபகுழு அமைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. அறிக்கை பதினெட்டு மாதத்தில் வரும். கிளெமென்ட் கையைத் தூக்கி எதிர்த்தார். அவர் சங்கத்தின் கௌரவப் புரவலர்தான், புரவலருக்கு ஓட்டு இல்லை என்று மிகுந்த வருத்தத்தோடு அவருக்கு நினைவுபடுத்தப்பட்டது.

வீட்டில் டோரீன் ரொட்டியில் அவித்த பீன்ஸ் போட்டு வைத்திருந்தார். வலது பக்கம் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார் கிளெமென்ட்.

"பதினெட்டு மாசமா? என் காது கிட்ட சொல்லிட்டியா, காத்திருக்கச் சொல்லி?"

"அவங்க ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க, டோரீன்."

"பேசுவாங்க. உன்னைக் குழியில தள்ளும்போதுகூட 'மன்னிக்கணும் சார், கொஞ்சம் நகருங்க'ன்னுதான் சொல்லுவாங்க." முள்கரண்டியை நீட்டினார். "எல்லாம் உன்னாலதான். அன்னைக்கே 'இது நான் எழுதினது இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? வாயில என்ன, கொழுக்கட்டையா? 'சுவாரஸ்யமா இருந்தது'! என் பொறந்த ஊர்ல நல்லா இல்லாததை நல்லா இல்லன்னு சொல்லுவோம். ஒருத்தனும் செத்ததில்ல."

"இப்ப என்ன பண்றது?"

"கச்சேரி அன்னைக்கு டீ போடற முறை யாருது தெரியுமா?"

"யாருது?"

"என்னுது" என்றார் டோரீன்.

அந்த நாட்டில் பிரதமரைக் கேள்வி கேட்கலாம். பேராயரைக் கேள்வி கேட்கலாம். டீ முறையில் இருக்கும் பெண்மணி சமையலறைக் கதவைச் சாத்தினால், ஏன் என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

அறுபதாம் ஆண்டு விழா. மதியம் மூன்று மணி. முதல் பாதியில் 'டிட்மார்ஷுக்கு வணக்கம்' என்று ஓர் இளம் மேதையின் புதிய படைப்பு. பதினோரு பிளிறல்கள்; நடுநடுவே இசையும் வந்தது. டீ இடைவேளை விட்டார்கள். கண்ணாடிப் பெட்டி டீ மேஜைக்குப் பக்கத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டிருந்தது. பெட்டியின் சாவி சமையலறை பிஸ்கட் டப்பாவில் இருப்பதும், அந்த டப்பாவின்மேல் 'இதில் சாவி இல்லை' என்று எழுதியிருப்பதும் ஊரறிந்த ரகசியம். டோரீன் ஒரு கையால் கேக் தட்டை நீட்டி நாலு பேர் கண்ணை அங்கே இழுத்தார். மறு கையால் பெட்டியைத் திறந்தார். இசைத்தாள் ஏப்ரனுக்குள் போயிற்று.

சமையலறையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. கிளெமென்ட் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"டோரீன், கிழிஞ்சுடப்போகுது."

"கையுறைத் தோலை ஆவியில பிடிச்சே எட்டு வருஷம் சம்பளம் வாங்கினவ நான். சும்மா இரு."

ஆவியில் தாள் நெளிந்தது. அறுபது வருஷத்து ஜாம் இளகி, மெல்ல, மனசில்லாமல் வாய் திறந்தது. லேசான வாசனைகூட வந்தது. வெண்ணெய்க் கத்தியை நடுவில் விட்டு டோரீன் ஒரு தள்ளு தள்ளினார். பக்கங்கள் பிரிந்தன.

மெட்டு இருந்தது. இருபத்து நாலு தாளமும் முழுசாக, அவருடைய இளவயதுக் கையெழுத்தில், நீல மையில். அதன் குறுக்கே, மேலிருந்து கீழாக, பென்சிலில் வேறொரு கையெழுத்து. மேஜர் பொகாக்கினுடையது.

'ஃப்ரெட், ஒத்திகையில் கேட்டோமே, இதை வாசித்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். இரண்டு தாளையும் சேர்த்து ஒட்டிவிடு. தவறி ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கட்டும். டிட்மார்ஷ் நல்ல பையன், முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொ.'

அதன் கீழே ரொட்டிக்கடைக் கையெழுத்து: 'ஸ்ட்ராபெர்ரியா, ராஸ்பெர்ரியா?'

அதன் கீழே மறுபடி மேஜர்: 'உன் கடை, உன் இஷ்டம்.'

அடுத்த பக்கத்தில் புயல் இருக்கிறது என்பதை மட்டும் அந்த இரண்டு கனவான்களும் யோசிக்கவில்லை. உலக இசை அங்கேதான் திசை திரும்பியது.

கிளெமென்ட் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கூட்ஸ் ஆபீஸில் லீவு கிடைக்காமல் ஒத்திகைக்கு ஒருநாள்கூட வரமுடியாமல் போனது ஞாபகம் வந்தது. "தெரிஞ்சே பண்ணியிருக்காங்க, டோரீன். அவன் பன்னே சாப்பிடல. அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல." கண்ணாடியைக் கழற்றி டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அழுதது போதும், தண்ணி ஆறுது. பாடு."

"இதையா? இவ்வளவு ஆனப்புறமா?"

"அறுபது வருஷமா எனக்குச் சேரவேண்டியது இது. இந்தக் காதுல பாடு."

கிளெமென்ட் அவர் வலது காதில் குனிந்து, கிழக்குரலில் பாடினார். மெட்டு நாலு படி ஏறியது. ஐந்தாவது படியில் தடுக்கியது. திரும்பி வந்து மறுபடி ஏறியது, அதே இடத்தில் தடுக்கியது. கடைசியில் எப்படி இறங்குவதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டது.

டோரீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தார்.

"மோசம், கிளெம்."

"அப்படியா?"

"ரொம்ப மோசம். அந்த அஞ்சாவது இடம் என்னய்யா அது, நொண்டறது?"

கிளெமென்டுக்கு விசித்திரமாக ஒரு சந்தோஷம் வந்தது. அறுபது வருஷத்தில் அந்த இசையைப் பற்றி ஒருவர் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது. "அன்னைக்கு இதைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"இன்னும் சீக்கிரமா 'சரி'ன்னுருப்பேன். இப்படி எழுதற ஆளைத் தனியா விடலாமா?" டோரீன் மூக்கை உறிஞ்சினார். "ஆனா, கேள்வி மாதிரி இருக்கு. பயந்து பயந்து கேக்கற மாதிரி. உன்னை மாதிரியே இருக்கு. நகரு, இதைக் கொம்புல கேக்கணும்."

ஏப்ரனைக் கழற்றாமலே மேடைக்குப் போனார். இப்போது இரண்டாம் கொம்பு வாசிப்பவர் மோரா ஃபிஞ்ச், தபால்காரப் பெண்மணி. அவர் முன்னாலிருந்த அச்சுப் பிரதியை எடுத்துவிட்டு டோரீன் அசலை வைத்தார்.

"இதுல இருக்கறதை வாசிம்மா. பென்சில்ல இருக்கறதைப் படிக்காதே."

"தலைவர் கேட்டா?"

"டீ முறைன்னு சொல்லு."

இரண்டாம் பாதி தொடங்கியது. மூன்றாம் பகுதி வந்தது. புல்லாங்குழல் தாலாட்டியது. வயலின்கள் கால்விரலில் நடந்தன. வழக்கப்படி சபை முழுக்க, முழங்கால்கள் சடசடக்க, எழுந்து நின்றது. ஹாலிங்டேல் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினார். ஃபேர்வெதரின் உதடு நடுங்கியது.

கொம்பு மெதுவாக நாலு படி ஏறியது. ஐந்தாவதில் தடுக்கியது.

நானூறு பேர் நின்றுகொண்டே அந்த நொண்டி மெட்டைக் கேட்டார்கள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் காரணமில்லை. ஒரு கிழவர் பிளிறலை எதிர்பார்த்துக் காதில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. மெட்டு கடைசிப் படியில் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. மண்டபம் அமைதியானது.

காது மந்தமானவர்கள் தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அறியமாட்டார்கள். டீ மேஜைப் பக்கத்திலிருந்து டோரீனின் குரல் வந்தது.

"சரி!"

மேடையோரத்தில் இருந்த கிளெமென்ட் டிட்மார்ஷ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கச்சேரி எப்படியோ முடிந்தது. ஹாலிங்டேல் முகம் வெளுத்து, ஆனால் நடை பிசகாமல், மேடை ஏறினார். எது நடந்தாலும் சடங்கு நடக்கவேண்டும். மிஸ் ஸ்ப்ராக் குறிப்பேட்டைத் திறந்து, பதிலை முன்கூட்டியே பாதி எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எப்படி இருந்தது, சார்?"

கிளெமென்ட் தொண்டையைச் செருமினார். பழக்கத்தில் அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. டோரீன் வலது காதைக் கையால் குவித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. விழுங்கினார்.

"மோசமா இருந்தது" என்றார்.

சபை சிரிக்கப் பார்த்தது.

"நிஜமாத்தான். இன்னைக்குத்தான் முதல் தடவையா நான் எழுதினதை வாசிச்சிருக்கீங்க. அது மோசம். மேஜருக்குத் தெரிஞ்சிருக்கு, ஃப்ரெட்டுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒத்திகையில இருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒரே ஒருத்தர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'தம்பி, அஞ்சாவது இடத்துல நொண்டுது, போய்த் திருத்திட்டு வா'ன்னு சொல்லியிருந்தா, இருபத்து நாலு வயசுலேயே திருத்தியிருப்பேன். அடுத்ததை உருப்படியா எழுதியிருப்பேன். என் நாற்பத்திரண்டும் வேற மாதிரி ஆகியிருக்கும். நீங்க யாரும் திருத்தல. சங்கம் வச்சீங்க."

கிளெமென்ட் படியிறங்கி டோரீனிடம் போனார். டோரீன் அவர் டையைச் சரிசெய்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

மிஸ் ஸ்ப்ராக்கின் பேனா மட்டும் ஓடியது. 'இசையமைப்பாளர் வழக்கம்போல் முழுத் திருப்தி தெரிவித்தார்.' ஹாலிங்டேலின் கண்களில் நீர் நிறைந்திருந்தது. அது நாடகமல்ல, அவர் நல்ல மனிதர், அந்த மண்டபத்தில் எல்லோருமே நல்ல மனிதர்கள். அவர் இரண்டு கைகளையும் விரித்து, உணர்ச்சி ததும்பச் சபையை நோக்கினார்.

"ரொம்ப சுவாரஸ்யமா இருந்தது, சார்!"

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. அந்தச் சத்தத்தின் மறைவில் அவர் செயலாளரின் பக்கம் குனிந்தார்.

"மிஸ் ஸ்ப்ராக், சமையலறையில ஜாம் மிச்சமிருக்கான்னு பாருங்க."